கேஷ் கவுண்டரில் உட்காரப் போகிறவருக்கு

கிளார்க் தேர்வில் தேறி, அடுத்த மாதம் பொதுத்துறை வங்கி ஒன்றில் சேரப் போகிறவர் மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். பணம் குறைந்தால் கைக்காசைப் போட வேண்டுமா? கவுண்டரில் ஜனங்கள் திட்டுவார்களாமே, எப்படித் தாங்குவது? எல்லாரும் யூ.பி.ஐ.க்குப் போய்விட்ட காலத்தில் இந்த வேலை எத்தனை வருடம் ஓடும்?

முதல் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆமாம், போட வேண்டும். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது உங்கள் டிராயரில் குறைந்தால் அது உங்கள் பொறுப்பு. ஆனால் ‘மாதா மாதம் போகும்’ என்று யாராவது பயமுறுத்தியிருந்தால் நம்பாதீர்கள். நான் கிளார்க்காகச் சேர்ந்து, பாதி சர்வீஸைக் கேஷில் கழித்து, ஹெட் கேஷியராக இருந்து, பிறகு ஆபீசராகி ஓய்வு பெற்றவன். வருடக்கணக்கில் ஒரு ரூபாய் போடாத கேஷியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் கணக்குப் புலிகள் கிடையாது. யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் தன் வேலையின் முறையை மாற்றாத ஆட்கள். அவ்வளவுதான் விஷயம். இனி நான் சொல்லப் போவதில் பாதிக்கு மேல் அந்த முறையைப் பற்றித்தான்.

உங்கள் ஆர்டரில் கிளார்க் என்ற வார்த்தையே இல்லாமல் போகலாம். 2025இலிருந்து, வங்கித் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். அறிவிப்பிலேயே இந்தப் பதவியைக் கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட் என்கிறார்கள். எஸ்.பி.ஐ.யில் ஜூனியர் அசோசியேட். பெயர் எதுவானாலும் நாற்காலி அதேதான். ஒருநாள் கேஷ், ஒருநாள் பாஸ்புக் பதிவு, ஒருநாள் கணக்கு தொடங்கும் மேஜை, யாராவது லீவு போட்டால் எல்லாமே நீங்கள்.

கேஷில் முதல் நாள் காலையில் ஹெட் கேஷியரும் அதிகாரியும் சேர்ந்து பெட்டகத்தைத் திறப்பார்கள். சாவி இரண்டு பேரிடம் பிரிந்திருக்கும். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. அன்றைக்குத் தேவையான பணத்தை உங்களிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். நூறு நோட்டு ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பண்டில். கட்டின் மேல் காகிதப் பட்டையில் எண்ணியவர் கையெழுத்து இருக்கும். (2001க்கு முன்பு கட்டுகளுக்கு ஸ்டேப்ளர் பின் அடிப்பார்கள். பின்னைப் பிடுங்கிப் பிடுங்கி நோட்டும் கிழியும், நகமும் கிழியும். ரிசர்வ் வங்கி அதை நிறுத்தச் சொன்னதற்கு எங்கள் தலைமுறை விரல்கள் நன்றி சொல்லும்.) அந்தப் பட்டையை நம்பிக் கட்டைப் பிரித்துவிடாதீர்கள். பட்டை சுற்றியபடியே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 99 இருந்தால் பட்டையோடு திருப்பிக் கொடுக்கலாம். பட்டையைக் கழற்றிய நிமிடத்திலிருந்து அந்த ஒரு நோட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

இன்னொன்று: உள்ளே போகும்போது உங்கள் பர்ஸில் எவ்வளவு இருக்கிறது என்று அதற்கென்று இருக்கும் ரிஜிஸ்டரில் எழுதுங்கள். பலரும் இதைச் சடங்காக நினைத்து விட்டுவிடுகிறார்கள். திடீர்ச் சோதனைக்கு ஆள் வரும்போது சட்டைப் பையில் எழுதாத இரண்டாயிரம் இருந்தால், அது வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்று நிரூபிக்க வழியில்லை.

சரி, பணம் வாங்குவதற்கு வருவோம். முதலில் செலானைப் படியுங்கள். கணக்கு எண், பெயர், எண்ணிலும் எழுத்திலும் தொகை, அப்புறம் நோட்டு விவரம்: 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை. விவரம் எழுதாமல் நீட்டினால் எழுதி வாங்குங்கள். ‘நீங்களே எண்ணிக்கங்க சார்’ என்று கட்டைத் தள்ளுகிறவரிடம்தான் தகராறு வரும், எழுதிக் கொடுத்தவரிடம் வராது. பிறகு பணத்தை அவர் கண்ணுக்கு எதிரே மேஜை மேல் வைத்து எண்ணுங்கள். செலானோடு ஒத்துப்போனால் கணினியில் பதிவு, முத்திரை, ரசீது. எல்லாம் முடிந்த பிறகே நோட்டு டிராயருக்குள் போக வேண்டும். டிராயரில் விழுந்த நோட்டு யாருடையது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. மேஜை மேல் இருக்கும்வரை ‘நான் நாற்பது கொடுத்தேன்’, ‘முப்பத்தொன்பதுதான் இருந்தது’ என்ற வாதத்துக்கு ஒரு முடிவு உண்டு.

மெஷின் இருக்கிறதே என்று கேட்பீர்கள். கவுண்டரில் வைத்திருக்கும் சாதாரண மெஷின் தாளை எண்ணும், அவ்வளவுதான். புதிய 500 ரூபாய் நோட்டு 150 மில்லிமீட்டர் நீளம், 200 ரூபாய் 146, நூறு 142. அகலம் மூன்றுக்கும் ஒன்றே, 66. 500 ரூபாய்க் கட்டின் நடுவில் ஒரு 200 ரூபாய் நோட்டு செருகியிருந்தால் பல மெஷின்கள் நூறு தாள் என்று காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அதனால் மெஷினில் போடும் முன் கட்டை விசிறிபோல் விரித்து ஒரு பார்வை. நிறம் மாறுவது கண்ணில் படும், தாள் மாறுவது விரலில் படும். பழைய கேஷியர்கள் ஸ்பாஞ்ச் டப்பாவில் விரலை நனைத்து எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு நோட்டை மட்டும் உருவி எடுப்பார்கள். கண்ணால் பார்க்கவே மாட்டார்கள், விரல்தான் நின்றிருக்கும்.

பணம் கொடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். வாங்கும்போது தப்பினால் ஆள் எதிரே நிற்பார், கொடுக்கும்போது தப்பினால் ஆள் பஸ் ஏறியிருப்பார். கையெழுத்தும் போட்டோவும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பெயரை நீங்களாகச் சொல்லி ‘நீங்கதானே முருகேசன்?’ என்று கேட்காதீர்கள். ஒரே கிளையில் எத்தனையோ முருகேசன்கள், காது மந்தமானவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். ‘உங்க பேரு என்ன? எவ்வளவு எடுக்கறீங்க?’ என்று கேட்டு அவர் வாயால் வரவழையுங்கள். கொடுக்கும் நோட்டு விவரத்தைப் பணம் எடுக்கும் சீட்டின் பின்பக்கம் எழுதிவிட்டுக் கொடுங்கள். சாயங்காலம் பணம் குறையும்போது அந்தப் பென்சில் எழுத்துதான் காப்பாற்றும்.

எண்ணிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுவார்கள். மேனேஜர் இன்டர்காமில் கூப்பிடுவார், தெரிந்தவர் பக்கவாட்டில் வந்து ‘ஒரே ஒரு சில்லறை’ என்பார், வரிசையில் நிற்பவர் ‘அம்மா, எவ்வளவு நேரம்’ என்பார். நிமிராதீர்கள். நிமிர்ந்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள், முதலிலிருந்து எண்ணுங்கள். ஏமாற்ற வருகிறவர்களின் முதலீடே இந்தக் குறுக்குப் பேச்சுதான். இரண்டு பேராக வருவார்கள். ஒருவர் கட்டை வாங்கி, ‘இந்த வரிசை எண் வேண்டாம், வேற நோட்டு கொடுங்க’ என்று திருப்புவார், மற்றவர் அதே சமயம் ஏதோ சந்தேகம் கேட்பார். திரும்பி வந்த கட்டில் ஏழெட்டு நோட்டு இருக்காது. கவுண்டரைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்த கட்டு எதுவானாலும் அது புதுக் கட்டு என்று நினைத்து மறுபடி எண்ணுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் குறையும். அப்போது பதறிப் போய் எல்லாவற்றையும் கொட்டி எண்ணாதீர்கள். குறைந்த தொகையை ஒரு காகிதத்தில் எழுதி அதை உற்றுப் பாருங்கள், பல சமயம் அதுவே பேசும்.

குறைவு 300 அல்லது அதன் மடங்கு என்றால் 200 ரூபாய் நோட்டுக்குப் பதிலாக 500 போயிருக்கிறது. 400 என்றால் நூறுக்குப் பதிலாக 500. சரியாக 50,000 அல்லது 20,000 என்றால் ஒரு முழுக் கட்டு எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் டிராயரின் பின்பக்கம் விழுந்திருக்கும், இல்லை பெட்டகத்துக்குத் திருப்பும்போது கணக்கில் விட்டிருக்கும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்: 8,100 என்பதை 1,800 என்று அடித்தால் வித்தியாசம் 6,300. ஒரு சைபர் கூடியிருந்தாலும் இதே கதைதான். 1,500 என்பது 15,000 ஆனால் வித்தியாசம் 13,500, அதுவும் ஒன்பதால் வகுபடும். இவை எதுவும் இல்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். பணம் கட்டியதை எடுத்ததாகப் பதிந்துவிட்டால் கணக்கு இரண்டு மடங்கு தவறும். 12,000 கட்டியவருக்கு 12,000 எடுத்ததாகப் பதிந்தால் டிராயரில் 24,000 கூடுதலாக நிற்கும். 12,000 ரூபாய் வவுச்சரைத் தேடினால் போதும். கடைசியாகத்தான் கேமரா பதிவு. ஒருமுறை 9,000 குறைந்து மூன்று பேர் வவுச்சர்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒன்பதால் வகுபடுகிறதே என்று யோசித்தபடி நின்ற பியூன் அண்ணன் 10,000 ரூபாய் செலானை எடுத்து நீட்டினார். அதில் எழுத்தில் ஆயிரம் என்றிருந்தது. அவர் பத்தாவது வரை படித்தவர், கேஷுக்குப் பக்கத்தில் நின்றே முப்பது வருடம் போனவர்.

கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே சொல்லுங்கள், அன்றைக்கே போடுங்கள். நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்று மறைப்பதுதான் வேலையைப் பறிக்கும், குறைவு பறிக்காது. கூடுதலாக இருந்தாலும் இதே விதிதான். ‘எக்ஸஸ்’ வந்தால் சந்தோஷப்பட்டு ஓரமாக வைத்துக்கொண்டு, அடுத்த முறை குறையும்போது அதிலிருந்து ஈடுகட்டலாம் என்று யாராவது சீனியர் யோசனை சொல்லுவார். கேட்காதீர்கள். கூடுதல் பணம் இன்னொருவர் வீட்டில் குறைந்த பணம். அதை அன்றே அதற்கான கணக்கில் வரவு வைக்க வேண்டும், அவர் தேடி வந்தால் கொடுக்க வேண்டும்.

கள்ள நோட்டு வந்தால் என்ன செய்வது என்பதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். சொல்லிக் கொடுக்காதது எதிரே நிற்கும் ஆளின் முகம். வாரச் சந்தையில் காய்கறிக் கடை போடும் அம்மா ஒருவர் சுருக்குப் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கட்டினார். அதில் ஒரு 500 ரூபாய் வழவழவென்று இருந்தது. நல்ல 500ஐச் சாய்த்தால் நடுவில் ஓடும் பட்டை பச்சையிலிருந்து நீலமாகும், இது பச்சையாகவே நின்றது. இரண்டு ஓரங்களிலும் ஐந்து சாய்கோடுகள் விரலில் தட்டுப்பட வேண்டும், இதில் வெறும் அச்சு. சொன்னதும் அந்த அம்மா, “குடுத்துடு தம்பி, எவன் குடுத்தான்னு தெரியும், அவன் மூஞ்சியிலேயே வீசுறேன்” என்றார். கொடுக்க முடியாது. திருப்பிக் கொடுத்தால் வங்கியே கள்ள நோட்டைப் புழக்கத்தில் விட்டதாக ஆகிவிடும். நோட்டில் கள்ள நோட்டு என்று முத்திரை குத்தி வைத்துக்கொள்ள வேண்டும், கட்டியவருக்கு அதற்கான ரசீது கொடுக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் ரசீது கொடுத்தாக வேண்டும். நோட்டுக்குப் பணம் கிடையாது. ஒரே தடவையில் நான்கு வரை வந்தால் மாத முடிவில் மொத்தமாகக் காவல் துறைக்கு அறிக்கை போகும். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் உடனே புகார். ‘போலீஸ்’ என்ற சொல்லைக் கேட்டதும் அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். ஒரு நோட்டுக்கெல்லாம் யாரும் வீடு தேடி வரமாட்டார்கள் என்று புரியவைத்து அனுப்பக் கால் மணி நேரம் ஆனது. வரிசை முழுக்க என்னைத் திட்டியது. அந்தக் கால் மணி நேரம் வேலை நேரத்தில் சேர்ந்ததுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கிழிந்த நோட்டு விஷயத்தில் விதியைத் தெரிந்து வைத்துக்கொண்டால் நிறையச் சண்டை மிச்சம். 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால், இருக்கும் பெரிய துண்டு நோட்டின் பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம், 40க்கும் 80க்கும் நடுவில் பாதி, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. 20 ரூபாயும் அதற்குக் கீழும் என்றால் பாதிக்கு மேல் இருந்தாலே முழுப் பணம், பாதிப் பணம் என்ற பேச்சே கிடையாது. அந்த வங்கியில் கணக்கு இல்லாதவர் வந்தாலும் மாற்றித் தர வேண்டும். ‘எங்க கஸ்டமர் இல்ல’ என்று விரட்டுகிற கிளைகள் இருக்கின்றன, அது தவறு.

பத்து ரூபாய் நாணயம் நம் ஊர்க்காரர்களின் தனி வியாதி. பஸ்ஸில் வாங்கமாட்டார்கள், கடையில் வாங்கமாட்டார்கள். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கமே கொடுத்தது. கவுண்டரில் நாணயத்தை மறுக்கக் கூடாது. ஆனால் வாங்கி வாங்கி மூட்டையாகச் சேர்ந்தபின் அதை யாருக்குக் கொடுப்பது என்பது ஹெட் கேஷியரின் தலைவலி.

இப்போது திட்டு. ஜனங்கள் திட்டுவார்கள், நிச்சயமாக. ஆனால் நீங்கள் மெதுவாக எண்ணியதற்காகத் திட்டுகிறவர் குறைவு. சர்வர் படுத்துவிட்டது, பாஸ்புக் பிரிண்டர் வேலை செய்யவில்லை, கே.ஒய்.சி. என்னும் அடையாள, முகவரிச் சான்று கொடுக்காததால் கணக்கு நின்றுவிட்டது, இவற்றுக்குத்தான் திட்டு. இதில் எதையும் நீங்கள் செய்யவில்லை, ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் முகம் உங்களுடையது. என் அனுபவத்தில் ஆளைக் கொதிக்க வைக்கும் சொல் ‘நாளைக்கு வாங்க’. கூலி வேலைக்குப் போகிறவருக்கு நாளைக்கு வருவதென்றால் ஒருநாள் சம்பளமும் பஸ் காசும். இன்று ஏன் முடியாது, நாளைக்கு வந்தால் கட்டாயம் முடியுமா, வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்த சீட்டோடு வருகிறவர் திட்டி நான் பார்த்ததில்லை. அப்படியும் அடங்காதவர் புகார் எழுத வேண்டும் என்றால் முகம் கோணாமல் புகார்ப் புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள். வங்கி 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பதையும் கேட்டால் சொல்லுங்கள். மறைத்து என்ன லாபம்?

கூட்டம் எப்போது வரும் என்று தெரிந்துகொண்டால் பாதி எரிச்சல் குறையும். மாத முதல் வாரம் பென்ஷன். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கிய பிறகு 15ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் பெண்கள் வரிசை. ‘வந்துருச்சா பாருங்க’ என்பதுதான் பல பேருக்கு வேண்டியது, எடுப்பதுகூட இல்லை. நவம்பரில் உயிர்ச் சான்று கொடுக்க வரும் ஓய்வூதியர்கள். எண்பது வயது தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிடும். கைரேகை தேய்ந்துபோனவர்களை மெஷினில் விரலை வைக்கச் சொல்லிப் பத்துத் தடவை அலைக்கழிக்காமல், பழையபடி படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.

மே மாதக் கடைசியில் இன்னொரு கூட்டம் வரும்: ‘என் கணக்குல 436 ரூபா எடுத்துட்டீங்க’. பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான வருடச் சந்தா அது. கூடவே விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாயும் போயிருக்கும். ஜன்தன் கணக்குகளில் எப்போதோ படிவத்தில் கையெழுத்து வாங்கிச் சேர்த்திருப்பார்கள், ஆளுக்கு நினைவிருக்காது. சண்டைக்கு வருகிறவரிடம் விளக்கிவிடலாம். விளக்கம் கேட்காமலே போகிறவர்கள்தான் என் கவலை. கணவர் இறந்து, கணக்கில் இருக்கும் நாலாயிரத்தை வாங்கிக்கொண்டு கணக்கை மூட ஒரு பெண் வருவார். அவர் நீட்டும் பாஸ்புக்கைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். கடைசி மே மாதத்தில் 436 கழிந்திருக்கிறதா? கழிந்திருந்தால் நியமனதாரருக்கு (நாமினிக்கு) இரண்டு லட்சம் கேட்க வழி இருக்கிறது. அந்த வரியைப் பார்க்காமல் கணக்கை மூடிக் கொடுத்தால் யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள், எந்த ஆடிட்டும் பிடிக்காது. இறப்புச் சான்றிதழோடு வருகிற எந்த பாஸ்புக்கையும் அந்த ஒரு வரிக்காகப் பார்க்கும் பழக்கத்தை முதல் மாதமே பிடித்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு என்றதும் இன்னொரு காப்பீட்டையும் சொல்லிவிட வேண்டும், இது எனக்குப் பிடிக்காத பகுதி. கவுண்டரில் உட்கார்ந்துகொண்டே பாலிசி விற்கச் சொல்லுவார்கள். தனியார் வங்கிகளில் வெளிப்படையான இலக்கு, பொதுத்துறையில் காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கேட்பது. வேண்டியவருக்கு விற்பதில் தப்பில்லை. எழுபது வயதுக்காரர் வைப்புத் தொகையைப் புதுப்பிக்க வரும்போது வருடா வருடம் பணம் கட்ட வேண்டிய பாலிசியில் கையெழுத்து வாங்குவது திருட்டுக்குப் பக்கத்து வீடு. அடுத்த வருடம் அவர் உங்கள் முகத்தைத் தேடித்தான் வருவார், இலக்கு கொடுத்தவர் அதற்குள் மாற்றலாகிப் போயிருப்பார்.

பெரியவர்களைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்கிறேன். வைப்புத் தொகையை அவசரமாக உடைத்து, தெரியாத ஊரில் தெரியாத பெயருக்கு அனுப்பச் சொல்கிறார், காதிலிருந்து போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார், எதற்கு என்று கேட்டால் எரிந்து விழுகிறார். மூன்றும் சேர்ந்து வந்தால் நிறுத்துங்கள். மறுமுனையில் யாரோ போலீஸ் வேஷத்தில் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டிக்கொண்டிருக்கலாம். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லவே இல்லை. அதிகாரியிடம் அழைத்துப் போய் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பிள்ளைகளுக்குப் போன் போடுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. மணிக்கணக்கு ஆக ஆகப் பணம் கைமாறிக் கைமாறிப் போய்விடும்.

கடவுச்சொல்லைப் பற்றி ஒரே வார்த்தை: கொடுக்காதீர்கள். ‘டீ குடிச்சிட்டு வாம்மா, நான் உன் ஐடியில ரெண்டு என்ட்ரி போட்டுடறேன்’ என்று சொல்லுகிறவர் உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணனாகவே இருக்கலாம். ஒருவர் பதிய, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும் என்ற ஏற்பாடே ஒரு கையில் இரண்டும் சேரக் கூடாது என்பதற்காகத்தான். நாளைக்கு விசாரணை வந்தால் கணினியில் உங்கள் பெயர்தான் நிற்கும். நாற்காலியை விட்டு எழுந்தால் திரையைப் பூட்டுங்கள், டிராயரைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வி. யூ.பி.ஐ. வந்த 2016இலேயே நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பத்தாம் தேதி காலை ஷட்டரைத் தூக்கியபோது தெருமுனை வரை வரிசை. மாற்றிக் கொடுக்கும் அளவு முதலில் 4,000, பிறகு 4,500, பிறகு 2,000, அப்புறம் அதுவும் நின்றது. இடையில் விரலில் மை. கையில் புது 2,000 ரூபாய் நோட்டு, சில்லறை கிடையாது. வாங்கியவர் அதை வைத்துக்கொண்டு பால்கூட வாங்க முடியாமல் திரும்பி வந்து எங்களிடமே மாற்றக் கேட்டார். ரொக்கமே ஒழிந்துவிடும் என்று அப்போதும் சொன்னார்கள். அந்த நவம்பரில் புழக்கத்தில் இருந்தது சுமார் 18 லட்சம் கோடி ரூபாய். 2024 மார்ச்சில் 34 லட்சம் கோடிக்கு மேல். டீக்கடைக்கு ஜிபே வந்துவிட்டது உண்மை, நோட்டு வீட்டுக்குள்ளேயும் சந்தையிலேயும் இருப்பதும் உண்மை.

ஆனால் கவுண்டரில் எண்ணுகிற நேரம் குறைந்துகொண்டே வரும், அதில் சந்தேகமில்லை. பணம் போடும் மெஷினும் பாஸ்புக் அச்சடிக்கும் மெஷினும் வாசலுக்கு வந்துவிட்டன. அந்த மெஷின்களால் முடியாதவை உங்கள் மேஜைக்கு வரும்: இறந்தவர் கணக்கு, பெயர் ஒத்துப்போகாத ஆதார், வேறு கணக்குக்குப் போய்விட்ட யூ.பி.ஐ. பணம், கிழிந்த நோட்டு, கை நடுங்குகிறவரின் கையெழுத்து. ஆள் எண்ணிக்கையைக் கூட்டாமல் இந்த வேலையைக் கூட்டுகிறார்கள் என்பது தனிப் புலம்பல், அதை யூனியன் கூட்டத்தில் கேட்டுக்கொள்வீர்கள்.

சம்பளத்தையும் கேட்க நினைத்திருப்பீர்கள். வங்கிகளும் யூனியன்களும் போட்ட 2024 மார்ச் 8 ஊதிய ஒப்பந்தப்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 24,050 ரூபாய். அதன் மேல் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம். பஞ்சப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். வேலை நிரந்தரமானதும் வங்கி ஊழியர்களுக்கான ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வு எழுதுங்கள், ஒரு இன்கிரிமென்ட். அடுத்து சி.ஏ.ஐ.ஐ.பி., இன்னும் இரண்டு. படித்த பழக்கம் விட்டுப்போகும் முன் எழுதினால் சுலபம், கல்யாணம் குழந்தை என்று ஆனபின் அதே புத்தகம் இரண்டு மடங்கு தடிமனாகத் தெரியும்.

கிளையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு கொடுத்தால் பெரும்பாலும் எல்லாரும் வீட்டுக்கு அருகில் என்று கேட்பார்கள். கேளுங்கள். அது கிடைக்காதென்றால் மாநகரத்துப் பெரிய கிளையைவிட ஒரு தாலுகா ஊர்க் கிளை மேல். பெரிய கிளையில் ஒரே கவுண்டரில் மூன்று வருடம் போட்டுவிடுவார்கள். தாலுகா கிளையில் காலையில் கேஷ், மதியம் நகைக்கடன் ரசீது, சாயங்காலம் குழுக்கடன் ஃபைல் என்று ஆறு மாதத்தில் எல்லாவற்றிலும் கை பட்டுவிடும். அங்கே ஹெட் கேஷியர் யாரென்று முதல் நாளே பார்த்து, அவர் கணக்கு முடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.